இடது கைக்கு ஒரு தூண்டில்

துணி விற்கிறவன் உடம்பை அளந்தால் போதும். தூண்டில் விற்கிறவன் ஆசையை அளக்க வேண்டும், அதற்கு நாடா இன்னும் யாரும் செய்யவில்லை. கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்கள் இதைப் படித்தால் என் பாடு சொல்லாமலே புரியும். நுவரெலியா டவுனில் விளையாட்டுச் சாமான் விற்கும் ஒரு கடையில் நான் அப்படி நின்றேன். டென்னிஸ் மட்டை, கோல்ஃப் பந்து, மழைச்சட்டை எல்லாம் இருந்தாலும் கடைக்குப் பெயர் வாங்கித் தந்தது தூண்டில்தான். மலை ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீன் இருந்தது. அதற்குப் புழு போடக்கூடாது, இறகால் கட்டிய பொய்ப் பூச்சியைத்தான் வீச வேண்டும் என்பது சட்டம். புழுவுக்கு ஒரு குச்சி போதும். பொய்ப் பூச்சிக்கு ராட் என்கிற கோல், லைன் என்கிற நூல், அதைச் சுற்றிவைக்கும் ரீல் மூன்றும் வேண்டும். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தவும் வேண்டும். பொருத்தம் பார்ப்பது என் உத்தியோகம்.

முதலாளி திருச்சிப் பக்கத்துப் பிள்ளை. சுதந்திரம் கிடைத்த கையோடு சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் கடையைச் சாமானோடு வாங்கியவர். சுத்த சைவம். இறகுப் பூச்சியைத் தொட்டால் கை கழுவிவிட்டுத்தான் வெற்றிலை போடுவார். மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. அவருக்கு இருந்தது ஒரே ஒரு கொள்கை: விற்ற சாமானை மாற்றுவதில்லை, பழைய சாமானை வாங்குவதில்லை.

வார்னிஷ் போத்தல்

தூண்டில் வாங்க வருகிறவர் யாரும் வாயை மூடிக்கொண்டு வாங்கிப் போனதில்லை. போன ஞாயிறு தப்பிப்போன மீனைப் பற்றிச் சொன்ன பிறகுதான் சாமானைப் பார்ப்பார்கள். சொல்லும்போது இரண்டு கையும் விரியும். டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்த ஆசீர்வாதம் ஐயாவுக்குக் கை விரிகிற மாதிரி வேறு யாருக்கும் விரிந்து நான் பார்த்ததில்லை. ஆள் பதியும் செக்ரோலில் ஒரு பெயர் பிசகாமல் எழுதுகிற மனிதர். மீன் என்று வந்துவிட்டால் மட்டும் அந்தக் கணக்கெல்லாம் பறந்துவிடும்.

ஆனால் வீச்சு என்றால் அவர் வீச்சுதான். கடைக்குப் பின்னால் லீக்ஸ் பாத்திக்கு நடுவே ஒரு பீங்கான் தட்டு வைத்திருப்போம், ராட்டைச் சோதித்துப் பார்க்க. துரைமார் வீசினால் பூச்சி லீக்ஸில் விழும். ஐயா வீசினால், தட்டில் ஈ வந்து உட்கார்ந்த மாதிரி சத்தமில்லாமல் உட்காரும். அதைப் பார்க்கவென்றே பக்கத்துக் கடை ஆட்களும் வந்து நிற்பார்கள்.

ஒரு நாள் அவர் காட்டிய மீனின் வால் பட்டு, ராட்டுக்குப் பூசும் வார்னிஷ் போத்தல்கள் இரண்டு தரையில் விழுந்து உடைந்தன. கடை முழுக்க வாடை. கோபப்பட வேண்டிய முதலாளி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு மரியாதையாகச் சொன்னார்: "ஐயா, இனிமே மீனை நீளவாக்குல காட்டாதீங்க. உசரவாக்குல காட்டுங்க."

தேயிலை பிடித்த சின்னதுரை

தோட்டத்துக்குச் சீமையிலிருந்து புதிதாக வந்த சின்னதுரை ஒருவர், கடையில் இருந்ததிலேயே நீளமான ராட்டைத்தான் எடுப்பேன் என்று நின்றார். இரண்டு கையாலும் பிடித்து அகன்ற ஆற்றில் வீச வேண்டிய சாமான் அது. நம் ஓடைகள் தாண்டிக் குதிக்கிற அகலம். இரண்டு பக்கமும் தேயிலை, தலைக்கு மேலே மரக்கிளை. எடுத்துச் சொன்னேன், கேட்கவில்லை. பெரிய ராட் இருந்தால் பெரிய மீன் வரும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

அடுத்த வாரமே வந்தார். பூச்சியெல்லாம் செடியில் மாட்டிக்கொண்டதாம். கொழுந்தெடுக்கிற பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்களாம். மாற்றித் தரும் வழக்கமில்லை என்று முதலாளி கையை விரிக்க, அவர் முகம் சுளிக்காமல் கைக்கு அடக்கமான இன்னொன்றை வாங்கினார். தோற்றதை ஒளிக்காத அந்தக் குணம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. போகும்போது அவருடைய தோட்டத்துத் தமிழில் சொன்னார்: "மீன் ஒண்ணும் இல்லே. தேயிலை நிறைய பிடிச்சேன்."

மெழுகுவத்தி

கொழும்பிலிருந்து சீசனுக்கு வந்த ஒரு டாக்டர், ரீல் சுற்றவில்லை என்று காலையிலேயே கதவைத் தட்டினார். மண்ணெண்ணெயும் தூரிகையுமாக உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால், உள்ளே வெள்ளை வெளேரென்று கட்டி. புறப்படும் முன் வீட்டில் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார். நம் ஊர்க் குளிரில் தலைக்கு வைக்கவே எண்ணெய்ப் போத்தலை அடுப்போரம் வைத்து இளக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொல்வது? ரீலைப் பிரித்து மாட்டும் வித்தையை நான் பழகியது அன்றைக்குத்தான். அவர் ரீலைக் காதருகே வைத்துச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொழும்பில இது எண்ணெய் தம்பி. இங்க வந்துதான் மெழுகுவத்தியாப் போச்சு."

சோம்பேறி ரீல்

ஒரு தடவை வந்த பெட்டியில் நாங்கள் கேட்காத ரீல் ஒன்று இருந்தது. உள்ளே வில் சுருள். லைனை வெளியே இழுக்க இழுக்க அது முறுக்கேறும். பிறகு சுண்டுவிரலால் ஒரு விசையை அழுத்தினால் லைன் சர்ரென்று தானே உள்ளே சுருண்டுகொள்ளும். கையால் சுற்றவே வேண்டாம். எனக்கு அது அதிசயமாக இருந்தது, வந்த துரைமாருக்கெல்லாம் கேலியாக இருந்தது. மீனோடு மல்லுக்கட்டாமல் பிடித்தால் அது என்ன பிடி என்பார்கள். ஆகவே அது விற்கவில்லை.

முதலாளிக்கு மட்டும் அதன் மேல் தனிப் பிரியம். வெள்ளி மாதிரி மின்னுகிறதே, ஆயுத பூசைக்கு அதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பார். பட்டுத்துண்டு விரித்து, குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்துக் கும்பிடுவார். வருஷா வருஷம் இப்படியே நடந்தது. ஒரு கிழத் துரை அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "இது ரீல் இல்லே. சோம்பேறிக்கு வேலைக்காரன்."

விற்கச் சொன்ன ராட்

வெளிநாட்டுச் சாமான் வரத்து குறைந்து கண்ணாடிப் பெட்டி பாதி காலியாகக் கிடந்த காலத்தில், ஞானம் டீச்சர் வந்தார். ஆசீர்வாதம் ஐயாவின் சம்சாரம், தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். கையில் துணி சுற்றிய ஐயாவின் மூங்கில் ராட்.

ஐயாவுக்குப் பக்கவாதம். வலது கை விழுந்துவிட்டது. வேலையை விட்டு, டீச்சரின் குவார்ட்டர்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். பேச வாய் வரும், ஆனால் பேசுவதில்லை. யாராவது பார்க்க வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறார். கடைசியாக அவர் வாய் திறந்து சொன்னது, அந்த ராட்டை என் கண்ணில் படாமல் விற்றுவிடு என்பதுதான். முதலாளி வழக்கமான கொள்கையைத் தயங்கித் தயங்கிச் சொல்ல ஆரம்பித்தார். டீச்சர் அவரை முடிக்க விடவில்லை: "அவரு விக்கச் சொன்னாரு. நான் விக்க வரலைங்க. இடது கைக்கு ஒண்ணு மாத்திக்கிட்டுப் போக வந்திருக்கேன்."

முந்தானை

ஐயா வரமாட்டார். வராத கைக்கு எப்படி ராட் பார்ப்பது? நான் விழித்துக்கொண்டு நின்றபோது, டீச்சர் தன் வலது கையை இடுப்போடு சேர்த்து முந்தானையால் இறுகக் கட்டிக்கொண்டார். லீக்ஸ் பாத்திக்குப் போனார். அவர் பிறகு ராட்டைத் தொட்டதெல்லாம் இடது கையால்தான்.

ஒவ்வொரு ராட்டாகக் கொடுத்தேன். நீளமானது மணிக்கட்டை நோகடித்தது. நுனி கனத்தது முன்னால் சாய்ந்தது. கட்டையான, மெல்லிய ஒன்று கையில் நின்றது. பட்டு லைன் வேண்டாம் என்று நானே சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அதைக் காயப்போட்டுக் கொழுப்புத் தடவ வேண்டும், ஒற்றைக் கைக்கு ஆகாது. பிளாஸ்டிக் பூசிய புது லைன் ஒன்று மிச்சம் இருந்தது, எடுத்தேன். ரீலுக்கு வந்தபோது இடித்தது. ராட்டைப் பிடித்த கையே ரீலையும் எப்படிச் சுற்றும்? இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தோம். சோம்பேறி ரீல் சாமி மாதிரி உட்கார்ந்திருந்தது.

மாட்டினோம். டீச்சர் விசையை அழுத்தினார். அசையவில்லை. மறுபடி அழுத்தினார். நாட்டில் இனி இப்படியொரு ரீல் வராது. இருந்த ஒன்றும் செத்துக் கிடந்தது. திறந்து பார்த்தேன். அத்தனை ஆயுத பூசையின் சந்தனமும் உள்ளே காய்ந்து கல்லாக இருந்தது. முதலாளியின் முகம் சுண்டிவிட்டது.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணெண்ணெய்க் கிண்ணத்தோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். வில் சுருள் ஒரு தடவை துள்ளி அவர் கன்னத்தைக் கீறியது. துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். இறகைத் தொட்டால் கை கழுவுகிற மனிதர், இறகுத் தண்டாலேயே சந்தனத்தைச் சுரண்டினார். சாயங்கால பஸ்ஸுக்குக் கொஞ்சம் முன்னால் ரீல் சர்ரென்றது. டீச்சர் முந்தானையை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்தார். முதலாளி அந்தப் பழைய மூங்கில் ராட்டை எடுத்து, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். "இது வாங்கினதும் இல்ல, மாத்தினதும் இல்ல. ஐயா வர்ற வரைக்கும் இங்க இருக்கட்டும்."

பூச்சி வாங்கிய டீச்சர்

அதன் பிறகு டீச்சர் சம்பளம் எடுத்த சனிக்கிழமைகளில் வந்து இறகுப் பூச்சி வாங்கினார். கொஞ்ச நஞ்சமல்ல. ஐயா இத்தனை பூச்சி தொலைக்கிற ஆள் இல்லையே, இடது கை இன்னும் பழகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மனசுக்குள் சந்தோஷம்தான். மீன் படுகிறதா என்று கேட்டால் டீச்சர் சிரித்து மழுப்புவார்.

ஒரு சனிக்கிழமை விஷயத்தை உடைத்தார். ஐயா அந்த ராட்டைத் தொடவே இல்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டீச்சர் வற்புறுத்தவில்லை, அழவும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் ராட்டை எடுத்துக்கொண்டு, ஜன்னலுக்கு நேர் கீழே ஓடுகிற ஓடையில் தானே போய் நின்று வீசியிருக்கிறார். வேண்டுமென்றே மோசமாக வீசினீர்களா என்று கேட்டேன். தனக்கு உண்மையிலேயே வீச வராது என்றார். பூச்சி செடியில், பாறையில், ஒரு தடவை அவருடைய கொண்டையிலேயே மாட்டியிருக்கிறது. கொழுந்துக்காரிகள் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். ஜன்னலில் இருந்தவர் நாள் தவறாமல் இதைப் பார்த்துக்கொண்டு பொறுத்திருக்கிறார், பொறுத்திருக்கிறார். நல்ல வீச்சுத் தெரிந்தவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. இப்படியொரு யோசனை எந்தப் பெரிய டாக்டருக்கும் தோன்றாது என்று நான் சத்தியம் செய்வேன்.

டீச்சர் பூச்சிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நேத்து ஜன்னல்ல இருந்து கத்திட்டாரு தம்பி. 'மணிக்கட்டை மடக்காதே'ன்னு."

போன ஞாயிறு

குளிர் விட்டு வெயில் வந்த பிறகு, ஒரு காலை நேரம், டீச்சரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆசீர்வாதம் ஐயா கடை வாசலில் ஏறினார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை சட்டைப்பைக்குள் இருந்தது. சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கிய தன் மூங்கில் ராட்டை நிமிர்ந்து பார்த்தார். பார்வையை இறக்கினார். புது ராட்டைக் கவுண்டரில் வைத்து, சோம்பேறி ரீலைச் சுண்டுவிரலால் தட்டினார். இது அவசரக்குடுக்கை, மீன் கடித்ததுமே முந்திக்கொண்டு இழுத்துத் தொலைக்கிறது என்று நிறுத்தி நிறுத்திக் குறை சொன்னார். என் காதுக்கு அதுபோல இனிமையான குறை அதுவரை வந்ததில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "போன ஞாயிறு" என்று ஆரம்பித்தார்.

நான் நகர்வதற்குள் முதலாளியே எழுந்து வந்தார். வார்னிஷ் போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார்.

ஐயாவின் இடது கை மேலே வந்து விரிந்து நின்றது. மீனின் வால் அது. தலைக்குக் கை இல்லை. கையைக் காற்றில் வைத்தபடி ஒரு கணம் திகைத்தார், கண் கலங்கியது. டீச்சர் பக்கத்தில் நெருங்கி நின்று, தன் வலது கையை உயர்த்தி மீனின் தலைக்கு வைத்தார். அந்த ஞாயிறு ஓடைக்கரையில் மீனை அள்ளும் வலையோடு நின்றவர் அவர்தான். அப்படியொரு மீன் உண்டா என்று கண்ணால் கேட்டேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். ஐயா இரண்டு கைக்கும் நடுவே இருந்த தூரத்தைப் பார்த்தார், திருப்தி இல்லை. "இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடி, ஞானம்."

இத்தனை வருஷம் பொருத்தம் பார்த்து நான் விற்றதிலேயே சரியாகப் பொருந்திய ஜோடி, அந்த ரீலும் ராட்டும் அல்ல என்பதை ஒரு விற்பனையாளனாக ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.