அம்மாவுக்காகச் சொன்ன பாவசங்கீர்த்தனம்

இருபத்திரண்டு ஆண்டுகளில் அம்மா கற்றுக்கொண்ட இத்தாலிய மொழி பணக்காரத் தெருவான லிபெர்த்தாவில் அவர் வேலை செய்யும் வீடுகளுக்குள் அடங்கிவிடுகிறது. இஸ்திரிக்கும் திரைச்சீலைக்கும் கிழவியின் மாத்திரை நேரத்துக்கும் அவரிடம் சொல் உண்டு, பாவங்களுக்கு இல்லை. அதனால் உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டிய பெரிய கிழமைக்கு முன் வெளியூரிலிருந்து வரும் தமிழ்ச் சாமியாரிடமே ஆண்டுக்கொருமுறை பாவசங்கீர்த்தனம் செய்வார். சென்ற ஆண்டு அந்தச் சாமியார் நோயுற்று வரவில்லை. இத்தாலியச் சாமியாரிடமே போகலாம், மொழிபெயர்க்க ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொல்ல, அம்மா என்னைக் கேட்டார்.

பாவசங்கீர்த்தனத்தின் இரகசியம் சாமியாரைப் போலவே மொழிபெயர்ப்பவரையும் கட்டும். ஆகவே அம்மாவின் சொற்களில், முந்திய நாள் சமையலறையில் ஒத்திகை பார்த்தவற்றை மட்டும் எழுதுகிறேன். மற்றது என் பாவம். அதை எழுத எனக்கு உரிமை உண்டு.

அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன் அம்மா இரண்டு மாத விடுப்பில் யாழ்ப்பாணம் போனார். வேலை கைவிட்டுப் போகாதிருக்க, எங்களவர் எல்லாரும் செய்வதுபோல், தங்கையைத் தம் இடத்தில் நிறுத்திவிட்டுப் போனார். திரும்பி வந்து வேலை வீட்டின் மணியை அடித்தபோது கதவைத் திறந்தவர் சின்னம்மா. கட்டியிருந்தது அம்மாவின் ஏப்ரன். வீட்டு எசமானி சிஞ்ஞோராவுக்குச் சின்னம்மாவைப் பிடித்துவிட்டது. சின்னம்மாவும் மறுக்கவில்லை. நாங்கள் குடியிருக்கும் அல்பெர்கேரியாவில் எதிரெதிர் வீடுகளில் இருந்தும் அன்றோடு பேச்சு நின்றது.

"அவளுக்குக் கை கால் விளங்காமப் போகவேணும் எண்டு செபமாலையைக் கையிலை வைச்சுக்கொண்டே கேட்டிருக்கிறன்," என்றார் அம்மா, வெங்காயம் உரித்தபடி. "சாமியாரிட்டை இதை அப்பிடியே சொல்லு."

"அப்பிடியேயோ?"

"ஓம். மழுப்பாதை. போய்க் கதை எண்டு அவர் சொன்னால் போவன். நானாப் போக மனம் விடுகுதில்லை."

அவர் தேடியது மன்னிப்பை மட்டுமன்று, ஒரு கட்டளையை. அது எனக்கு நன்றாகவே விளங்கியிருந்தது.

இத்தாலியரான பங்குச் சாமியார் என்னை அறிந்தவர். அவருடைய ஆலயத்தில் நான் சிறுவர்களுக்கு மறைக்கல்வி கற்பிக்கிறேன். என் இத்தாலியத்தைப் பிறர் முன்னிலையில் புகழ்வார். செபமாலையோடு சாபமிடுகிற பெண்ணின் மகளாக அவர் முன் இருக்க நான் விரும்பவில்லை. "சகோதரியோடு சிறு மனத்தாங்கல்," என்று மொழிபெயர்த்தேன். நான் இலக்கியம் படிக்கிறவள். சொல்லின் எடை தெரியாமல் செய்த பிழை அன்று அது.

பாவத்துக்கு அவர் விதித்த அபராதம் மூன்று அருள்நிறை மரியே செபம். வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்தார்.

"கதைக்கச் சொல்லேல்லையோ?"

"இல்லை."

"ஏழு வருசத்துக்கு மூண்டோ? அப்ப பிழை என்னிலை இல்லை."

அவருடைய வெறுப்புக்கு நான் திருச்சபையின் முத்திரையை வாங்கிக் கொடுத்திருந்தேன். உயிர்ப்புப் பெருவிழாத் திருப்பலி முடிந்து ஆலய வாசலில் சின்னம்மா ஒரு பலகாரப் பெட்டியோடு எங்களை நோக்கி வந்தபோது அம்மா அதைப் பயன்படுத்தினார். சின்னம்மாவுக்குக் கேட்கும்படி என்னிடம் சொன்னார்: "சாமியாரே என்னைப் போய்க் கதைக்கச் சொல்லேல்லை."

"ஓம் அக்கா, உங்கட வாய் இத்தாலிச் சாமிக்கு எங்கை விளங்கும்?" என்ற சின்னம்மா என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீதானே சொன்னனி? வடிவாச் சொன்னனியோ?"

"ஓம், சின்னம்மா."

தவக்காலம் முழுவதும் இனிப்பைத் தொடாதிருந்ததில் எனக்கு உள்ளூரப் பெருமை இருந்தது. சின்னம்மாவின் பெட்டி திறக்கப்படாமலே திரும்பிப் போனது.

கோடை முடியும்வரை பொறுத்திருந்து, நகரின் இன்னொரு பகுதியான கபோவில் என்னை அறியாத ஒரு சாமியாரிடம் இதைச் சொன்னேன். அறியாதவரைத் தேடிப் போனதும் அதே செருக்குத்தான். அவர் பாவமன்னிப்பு அளித்து, "தாயிடம் சொல்," என்றார். சொல்கிறேன் என்றேன். மூன்று வாரம் சொல்லவில்லை. சின்னம்மா குடும்பத்தோடு ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்த மறுநாள் சொன்னேன். தற்செயல் என்று எழுதினால் அது இன்னொரு பொய்.

அம்மா இஸ்திரியை நிமிர்த்தி வைத்தார்.

"நேற்று ஏன் சொல்லேல்லை?"

"போனிலை கதைக்கலாம், அம்மா."

"முன்வீட்டிலை இருக்கேக்கை கதைக்காதவளோடை, போனிலையோ?"

"வாங்கோ, திரும்பச் சாமியாரிட்டைப் போவம். இந்த முறை அப்பிடியே சொல்லுறன்."

"உன்னைக் கூட்டிக்கொண்டோ?" என்றார். சிரித்தார் என்றுகூடச் சொல்லலாம்.

அம்மா மனமறிந்து எதையும் மறைக்கவில்லை. ஆகவே அவர் பெற்ற மன்னிப்பு செல்லும். இதை விளக்கினேன். படித்தவள் சொல்லுக்கு அம்மா இப்போது செவி கொடுப்பதில்லை. தமிழ்ச் சாமியார் வரட்டும் என்று காத்திருக்கிறார். அவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை. சின்னம்மாவின் புதிய எண் எங்களிடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நற்கருணை வாங்கும் நேரம் வரும்போது, தமக்கு மன்னிப்புக் கிடைக்கவில்லை என்றிருக்கும் அம்மா எழுவதில்லை. நான் மன்னிப்புப் பெற்றவள், போகலாம். எனக்கு வழிவிட அவர் முழங்கால்களை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொள்கிறார். நான் அவரைக் கடந்து போகிறேன்.