அப்பாவின் உயரத்தில் ஓர் அலுமாரி

"அண்ணை, மேல்தட்டு எவ்வளவு உயரத்திலை வேணும்?"

குசினியைப் புதுப்பிக்க வந்த தச்சர் என் கணவரைத்தான் கேட்டார். சமைக்கிற நான் பக்கத்திலேயே நின்றேன். சீவிய வேப்பம்பலகையின் மணம் மூக்கில் ஏற, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அரியாலை வீட்டில் அப்பாவும் தன் கைக்கு எட்டுகிற உயரத்தில்தான் குசினி அலுமாரி செய்வித்தார். அம்மாவுக்கு எட்டவில்லை.

"வாங்குப் பலகையிலை ஏறி எடுமன்" என்றார் அப்பா.

மிளகாய்த்தூள் போத்தலோடு அம்மா விழுந்த அன்றும், "பாத்து ஏறுறதுக்கென்ன?" என்றுதான் கத்தினார்.

மறுநாள் அப்பா வேலைக்குப் போனதும் அம்மா கோடரியை எடுத்தார். போர்க்காலப் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் வராத காலம். மத்தியானச் சோறு அந்த மேல்தட்டின் நெருப்பில்தான் வெந்தது. அப்பா மேல்தட்டு இருந்த இடத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார்.

தச்சரின் பென்சிலைப் பறித்து, சுவரில் என் தோளுயரத்துக்குக் கோடு இழுத்தேன்.

"இதுக்கு மேலை பலகை அடிச்சுப் பாருங்கோ. எங்கடை வீட்டிலையும் கோடரி இருக்கு."