மாநிலம் கூப்பிடும் தேதி

பிள்ளைகளா, நாம் ஏன் ஆஸ்திரேலியா போகவில்லை என்று நீங்கள் இப்போது கேட்பதே இல்லை. கேட்காமல் இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் ஐ.டி.ஐ. முடித்த வெல்டர். வளைகுடாவில் பல வருஷம் வேலை பார்த்தவன். ஆஸ்திரேலியாவுக்குத் தொழில் விசா கேட்கலாம் என்று தெரிந்தபோது எனக்கு வயது நாற்பத்து நான்கு. நாற்பத்தைந்து ஆனால் கதவைச் சாத்திவிடுவார்கள். எது சீக்கிரம் நடக்கும் என்பது ஒன்றுதான் எங்கள் கவலை.

தஞ்சாவூர் ஏஜெண்ட் இரண்டு வழி சொன்னார். வயது, படிப்பு, அனுபவத்துக்கு அவர்கள் போடும் மதிப்பெண்ணை வைத்து நாமே வரிசையில் நிற்பது ஒன்று. அங்குள்ள ஒரு மாநில அரசு, இந்த ஆள் எங்களுக்கு வேண்டும் என்று பரிந்துரைப்பது இன்னொன்று.

“மாநிலம் கூப்டுட்டா ஃபைல் பறக்கும்ணே.”

உங்கள் அம்மா விடவில்லை. “கூப்ட்ட பிறகு பறக்கும், சரிங்க. எப்பக் கூப்டுவாங்க?”

“சீக்கிரம்க்கா. அவங்களுக்கு வெல்டருக்கு ஆளே கெடைக்கல.”

“அப்ப ரெண்டுலயும் போட்டு வைங்களேன்.”

“ஒண்ணுல மட்டும் நின்னாதான் அவங்களுக்கு நம்பிக்கை வரும்க்கா.”

நீடாமங்கலம் வரும்வரை பஸ்ஸில் அம்மா ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாள். “அந்தாளு தேதி சொல்லலீங்க.”

எனக்கு அது பெரிதாகப் படவில்லை. நாம் மேட்டூரைப் பார்த்து நாற்று விடுகிறவர்கள். அணை திறக்கும் தேதியை அரசாங்கம் சொல்லும். தள்ளிப்போனால் வேறு தேதி சொல்லும். அரசாங்கம் என்றால் தேதி என்று ஒன்று இருக்கும் என்றே வளர்ந்துவிட்டோம். அந்த ஆஸ்திரேலிய மாநிலத்துக்கும் நானே ஒரு தேதி வைத்தேன்: சம்பா அறுவடைக்குள். கடைசியில் அம்மாவும் தலையாட்டினாள். மாநிலத்தின் வழியில் மட்டும் போட்டோம். நிலத்தை உங்கள் மாமாவுக்கு மூன்று வருஷக் குத்தகைக்கு விட்டோம்.

“என்ன மாப்ள, கங்காரு வாலைப் புடிச்சுக்கிட்டு வயல் வரப்புல நடப்பியா?” என்றார் மாமா.

“நீங்க வாங்க மச்சான், ஏத்தி விடுறேன்” என்றேன். அப்போது சிரிக்க முடிந்தது.

அறுவடை வந்தது. கூப்பிடவில்லை. பிறகு ஒருநாள் அந்த மாநிலம், இந்த வருஷத்து இடங்கள் தீர்ந்தன என்று அறிவித்தது. மறுபடி எப்போது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அது திறப்பதற்குள், இன்னொரு வரிசைக்கு மாறவும் நேரமில்லாமல், என் நாற்பத்தைந்தாவது பிறந்தநாள் வந்துபோனது. அம்மா அன்று பாயசம் வைத்தாள். யாரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கவில்லை.

ஏஜெண்டுக்குப் போன் போட்டேன். “நம்ம கையில என்னண்ணே இருக்கு” என்றார். அவர் கையில் இல்லைதான்.

போன வாரம் மாமா கூப்பிட்டார். “மாப்ள, மடை ஷட்டர் துருப்பிடிச்சு அத்துப்போச்சு. வந்து பத்த வச்சிக் குடுத்துட்டுப் போ.”

மெஷினைத் தூக்கிக்கொண்டு போனேன். நம் வயல், நம் மடை. வரப்பில் நின்ற மாமா, “எவ்வளவுப்பா கூலி?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, மரியாதையாகத்தான் கேட்டார். அதுதான் தாங்கவில்லை.

நாளைக்கு உங்களிடமும் யாராவது வருவார்கள், மாநிலம் கூப்பிட்டால் சீக்கிரம் என்பார்கள். பொய் இல்லை, கூப்பிட்ட பிறகு சீக்கிரம்தான். எப்பக் கூப்டுவாங்க என்று உங்கள் அம்மா கேட்டதையே கேளுங்கள். அதற்குப் பதில் வரும்வரை நிலத்தை யாருக்கும் விடாதீர்கள்.