சூரியனுக்கு முன்னால் போனவர்கள்

வேகமாகத் தைப்பவன் என்று எனக்குத் திருப்பூரில் ஒரு பெயர் உண்டு. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பீஸ் ரேட்டில் ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறவனுக்கு அதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. எனக்கு வலப்பக்க மிஷினில் உட்கார்ந்தவன் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர்க்காரன். எனக்கு நேர் எதிர். தையல் நூல் அளவு கோணினாலும் பிரித்துவிட்டு மறுபடி அடிப்பான். ஒன்பது வருஷம் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தோம். என் மனைவியோடு பேசியதைவிட அவனோடு பேசியதுதான் அதிகம். அவள் இன்றைக்கும் அதைச் சொல்லிக் குத்திக் காட்டுவாள். உண்மைதானே என்று நானும் ஒப்புக்கொள்வேன்.

அவன் ஊரோடு போய்விடுவதென்று முடிவானது ஒரு மாசி மாதத்தில். அவன் அப்பா பக்கவாதத்தில் விழுந்துவிட்டார். மூன்று வயதுப் பெண்ணையும் வைத்துக்கொண்டு அவன் மனைவி அங்கே தனியாக அல்லாடினாள். ஊரில் பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கும் கடை போடப் போவதாகச் சொன்னான். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது டீ டைமில் திடீரென்று, திருப்பூருக்கு வந்ததிலிருந்து சூரியன் உதிப்பதை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை என்றான். அவன் ஊரில் அது தினமும் கடலிலிருந்து எழும். இங்கே அது பக்கத்துக் கம்பெனிச் சுவருக்கு மேலே தலை காட்டும்போது நாங்கள் மிஷினில் இருப்போம். கோயம்புத்தூர்ப் பக்கம் ஏழு மலை தாண்டிப் போகிற வெள்ளியங்கிரி உச்சியில் நின்றால் சூரியன் நம் காலுக்குக் கீழேயிருந்து வரும் என்று எப்போதோ நான் அவனிடம் அளந்து விட்டிருந்தேன். நானே அதைப் பார்த்ததில்லை.

"போறதுக்கு முன்னாடி அத மட்டும் காட்டிருல" என்றான். ஒன்பது வருஷத்தில் அவன் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அந்த வாரம் நாங்கள் தைத்துக்கொண்டிருந்தது குளிர் தேசத்துக்குப் போகும் ஹூடி, தலைக்கு முக்காடு வைத்த கனத்த சட்டை. கைக்கும் இடுப்புக்கும் வைக்கிற ரிப் துணி சாயப் பட்டறையிலிருந்து வரவில்லை. பாதி தைத்த ஹூடிகள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்க, இரண்டு நாள் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கே வெள்ளியங்கிரிக்குக் கிளம்பிவிட்டோம். அயர்ன் செக்‌ஷனில் இருந்த எங்கள் இன்னொரு சிநேகிதனும் ஒட்டிக்கொண்டான். நல்ல கனத்த உடம்பு. படி என்றாலே முறைப்பவன், ஆனால் எங்களை விட்டால் அவனுக்கும் போக்கிடம் இல்லை.

அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கும்போது மணி ஒன்பதரை. தடி விற்ற பெரியவர், மேலே போக ஆறு மணி நேரம் போதும், பன்னிரண்டுக்கு மேல் ஏறினால்தான் சூரியனுக்குச் சரியாக இருக்கும், அதுவரை மண்டபத்தில் படுத்திருங்கள் சாமி என்று தன்மையாகச் சொன்னார். பன்னிரண்டு மணிவரை சும்மா இருப்பதா? பீஸ் ரேட்காரனுக்குச் சும்மா இருப்பது எப்படி என்று தெரியாது. முன்னால் ஒருவன் போனால் பொறுக்காது. நான்தான் முதலில் படியில் கால் வைத்தேன்.

ஒரு மலைக்கு இத்தனை நிமிஷம் என்று கணக்கு வைத்துக்கொண்டு ஏறினேன். உட்கார்ந்திருந்தவர்களையெல்லாம் தாண்டினோம். மூன்றாவது மலையில் அயர்ன்காரன் என்னை வாய்க்கு வந்தபடி திட்டினான். கடற்கரைக்காரன் மட்டும் திட்டவில்லை. அவ்வப்போது நின்று, கீழே தெரிகிற ஊர் விளக்குகளைக் காட்டி, இது எது, அது எது என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல் ஏதோ ஒரு பேரைச் சொல்லி அவனை நகர்த்திக்கொண்டே போனேன்.

ஏழாவது மலை உச்சியில் போனை எடுத்துப் பார்த்தால் மணி இரண்டரை. சூரியன் வர இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது.

முதலில் சிரித்தோம். பிறகு காற்று வந்தது. ஆளைத் தள்ளுகிற காற்று. நாங்கள் மூவரும் போட்டிருந்தது கம்பெனியில் கழித்துப் போட்ட டீ சர்ட், தெப்பலாக வேர்வையில் நனைந்திருந்தது. துணியைத் தொட்ட மாத்திரத்தில் என்ன கனம், எந்த ஊர்க் குளிருக்கு ஆகும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் நாங்கள். ஒரு ஹூடியைக் கையில் எடுத்துக்கொண்டு வர மூன்று பேருக்கும் தோன்றவில்லை. அது அனுப்புகிற சரக்கு, போட்டுக்கொள்கிற துணி இல்லை என்றே பழகிவிட்டோம். பாறை மறைவில் ஒருவர்மேல் ஒருவர் ஒட்டி உட்கார்ந்தோம். அரை மணி நேரத்தில் கடற்கரைக்காரனுக்குப் பேச்சுக் குழற ஆரம்பித்தது.

கீழே இறங்கிவிடலாம் என்றான் அயர்ன்காரன். கடற்கரைக்காரன் தலையை ஆட்டினான்.

"நீங்க போங்கல. நான் இருந்து பாத்துட்டு வாரேன்."

அவன் பற்கள் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது. நான் அவன் கையைப் பிடித்து இழுத்து எழுப்பினேன். ஆறாவது மலையில் சுக்குக் காப்பிக் கடை இருக்கிறது, அடுப்பில் காய்ந்துவிட்டு ஐந்து மணிக்குத் திரும்ப ஏறலாம், நான் பொறுப்பு என்றேன். என்னை நம்பித்தான் எழுந்து வந்தான்.

காப்பி குடித்தோம். கடைக்காரர் போர்த்திக்கொள்ளச் சாக்குக் கொடுத்தார். நான் விழித்திருப்பதாகச் சொல்லி இரண்டு பேரையும் படுக்க வைத்தேன். முதலில் தூங்கிப் போனது நானாகத்தான் இருக்கும்.

எழுந்தபோது நன்றாக விடிந்திருந்தது. பள்ளத்தில் இருந்ததால் சூரியன் தெரியவில்லை, மேலே பாறைகளில் மட்டும் வெயில். கடற்கரைக்காரன் எனக்கு முன்பே எழுந்து அந்த வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் எழுப்பவில்லை என்று கேட்டேன். அவன் எழுந்தபோதே அப்படித்தான் இருந்ததாம். சரி விடு, அடுத்த வருஷம் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அவன்தான் என்னைத் தேற்றினான். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்விட்டான். திங்கட்கிழமை அவன் மிஷினில் ஒரு ஒடிசாப் பையன் உட்கார்ந்தான். நல்ல பையன்தான். நான் ஒரு மாதம் வலப்பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த வருஷம் மாசியில் நான் தனியாகப் போனேன். அவனைக் கூப்பிடவில்லை. புதுக் கடை, படுக்கையில் அப்பா, எப்படி வருவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடியும் சொதப்பிவிடுவேனோ என்ற பயமும் இருந்தது. பன்னிரண்டரைக்கு ஏறத் தொடங்கினேன். எல்லாரையும் முன்னால் விட்டேன். கனமான ஜெர்கின் போட்டிருந்தேன். உச்சியில் சரியான நேரத்துக்கு நின்றேன்.

மேகம் கீழே பரந்து கிடந்தது. அதன் விளிம்பில் சிவப்பாய் ஒரு கீற்று, பிறகு சூரியன். நான் அளந்து விட்டது பொய்யில்லை, காலுக்குக் கீழேயிருந்துதான் வந்தது. பின்னால் திரும்பினால் நான் நின்ற மலையின் நிழல் மேற்கே மேகத்தின் மேல் முக்கோணமாக நீண்டு விழுந்திருந்தது. அப்படி ஒன்று உண்டென்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதைக் காட்ட வலப்பக்கம் கையை நீட்டிவிட்டேன். அங்கே யாரோ ஒருவர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். அவன் இல்லாதது அந்த வருஷம் முழுவதும் வலித்ததைவிட அந்த ஒரு நிமிஷம் அதிகமாக வலித்தது.

அவனிடம் சொல்லவில்லை. மாதம் ஒரு போன், பண்டிகைக்கு ஒரு போன் என்று பேச்சும் குறைந்தது. போன மே மாதம் பத்து வயது மகளுக்குப் புதுநன்மை, சர்ச்சில் முதல் தடவை நற்கருணை வாங்குகிற விசேஷம் என்று அழைத்தான். போனேன். அவன் தலை பாதி நரைத்திருந்தது. சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருந்தபோது அவன் மகள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"மாமா, நீங்களும் அப்பாவும் மலைல சூரியன் பாத்தியளாமே. அது எப்படி இருந்துச்சு?"

அவனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறான் போல.

"ஆமா கண்ணு, பாத்தோம்" என்றேன். சொல்ல ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. மேகம், சிவப்புக் கீற்று, சூரியன் எல்லாவற்றையும் சொன்னேன். மலையின் நிழலையும் சொன்னேன். அப்பா நிழலைப் பற்றிச் சொல்லவே இல்லையே என்றாள் அவள். மறந்திருப்பான் என்றேன். அவன் தலை நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட வந்தான். ஸ்டாப்பில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

"அந்த நெழலு நெசமால?"

"நெசந்தான்."

"எப்பம் போன?"

"அடுத்த வருசமே."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒரு போன் போட்டிருந்தா வந்திருப்பேன்லா" என்றான்.

கடை, அப்பா என்று நான் இழுத்தேன். கடையைப் பூட்டியிருப்பேன், அப்பாவைப் பார்த்துக்கொள்ள அக்காவை வரச் சொல்லியிருப்பேன், வந்திருப்பேன் என்றான். பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நீ வருவாயா என்று அவனிடம் நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இத்தனை வருஷமும் மாட்டான் என்று அவனுக்காக நானே பதில் சொல்லி வைத்திருந்தேன்.