பாவு நீட்டும் தெருவும் தகன மேடையும்

விடிகாலையில் எங்கள் தெருவில் நெசவுக்குப் பாவு நீட்டுவோம். தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிய பட்டு இழைகள் பனியில் மிதப்பதுபோல் இருக்கும். அரைத் தூக்கத்தில் அவற்றின் ஓரமாக நடந்தால் நானும் மிதப்பேன். பிணம் வந்தால் மட்டும் பாவைச் சுருட்டி வழிவிட வேண்டும். இழைகளில் தடவிய கஞ்சி காயும் முன் சுருட்டிய பாவு ஒட்டிக்கொண்டு வீணாகும்.

தெருக்கோடிச் சுடுகாட்டில் எரிவாயு தகன மேடை கட்டலாமா என்று மாநகராட்சி கருத்துக் கேட்டது. கட்டினால் ஊர்ப் பிணமெல்லாம் எங்கள் தெரு வழியாகத்தான் வரும். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். மறுப்பு மனுவை என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். எழுதி, தெருக்காரர்கள் முன்னால் பெருமையாக வாசித்தேன்.

எதிர்வீட்டு அக்கா மட்டும் கையெழுத்துப் போடவில்லை.

"போன மழையில எங்க மாமியாரு ஒரு நாள் முழுக்க வேகாம கெடந்தாங்கமா. எங்க வூட்டுக்காரரு ஈர வெறக ஊதிக்கினே நின்னாரு. நீ பாவு கெடும்னு எழுதிக்கினு இருக்கிற."

 அப்பா, "கட்டட்டும்பா. ஒம்போது மணிக்குள்ள பாவு காஞ்சிடும். அதுக்கு மேல பொணத்த எடுத்தாரச் சொல்லி எழுதுமா" என்றார்.

"சாவுறவன் மணி பாத்தா சாவான்?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"சாவறது எப்பனா சாவட்டும். தூக்கறது நம்ம கையிலதானே இருக்குது!" என்றார் அப்பா.

அக்காகூடச் சிரித்துவிட்டார்.

'மறுப்பு' என்ற சொல்லை அடித்துவிட்டு, 'கோரிக்கை' என்று எழுதினேன். முதல் கையெழுத்தை அக்காதான் போட்டார்.