டேஷ்போர்டுப் பிள்ளையார்

புத்தம்புதுக் காரை வெட்டிக் கூறுபோடுவதற்கு முன்னால் அதற்குப் பூஜை போட்ட தீயணைப்பு நிலையம் இந்த உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். எந்த நிலையம் என்று கேட்காதீர்கள். தென்காசிப் பக்கம் என்பதோடு விட்டுவிடுங்கள், நான் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன்.

எங்களுக்குப் பயிற்சிக்கு எப்போதும் கிடைப்பது செத்த வண்டிதான். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வருஷக்கணக்காக வெயிலில் கிடந்து, சீட்டுக்குள் செடி முளைத்த வண்டி. கடப்பாரையை வைத்து நெம்பினால் கதவு கையோடு வந்துவிடும். அதில் பழகிவிட்டு, இப்போது வருகிற புது மாதிரிக் கார் ஒன்று மலைப்பாதையில் கவிழ்ந்து கிடக்கும்போது போய் நின்றால் பழகியது ஒன்றும் உதவாது. கூரையைத் தாங்கும் தூணுக்குள் இருக்கும் இரும்பு வேறு. கட்டர் கடித்துப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். புளியரை வளைவில் ஒருமுறை அப்படி நின்றோம். உள்ளே மாட்டிக்கொண்டவர் எங்களோடு பேசிக்கொண்டே இருந்தார், எந்த ஊர், எங்கே போய்விட்டு வருகிறார் என்றெல்லாம். பிறகு பேசவில்லை. அதற்கு மேல் அதை எழுத எனக்கு மனசில்லை.

அதனால், பயிற்சிக்குப் புதுக் கார் இரண்டு தானமாக வருகிறது என்று எங்கள் அலுவலர் சொன்னபோது எனக்குச் சந்தோஷம்தான். ஷோரூமுக்கு வண்டி ஏற்றி வந்த லாரி வழியில் சாய்ந்து, இரண்டு கார்களுக்குப் பக்கவாட்டில் அடி. லேசான அடிதான். ஆனாலும் புது வண்டி என்று விற்க முடியாது, அடிபட்ட வண்டி என்று விற்க ஷோரூம்காரர்களுக்கு மனசில்லை. வெட்டிப் பழகிக்கொள்ளுங்கள், மிச்சத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்று கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆனது. சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. கதவைத் திறந்தால் குப்பென்று அந்தப் புது வண்டி வாசம்.

இரண்டும் வெள்ளைக் கார்கள். என் தங்கச்சி வீட்டில் தை மாதம் வாங்கியது அதே கார், அதே வெள்ளை.

தங்கச்சியைக் கொடுத்திருப்பது வடகரையில். மாப்பிள்ளைக்குத் தேங்காய் வியாபாரம். வாரத்தில் பாதி நாள் செங்கோட்டை தாண்டி, மலையேறி, கேரளத்துப் பக்கம் போய் வருகிறவர். அவர்கள் பொண்ணுக்கு நான்கு வயது நடக்கிறது. அவளுக்கு நான் என்றால் உயிர், எனக்கு அவள் என்றால் அதற்கும் மேலே. கார் வந்த அன்று தென்காசிக் கோயில் முன்னால் நிறுத்தி, மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கோயில் பக்கத்துக் கடையில் வாங்கிய பித்தளைப் பிள்ளையாரை டேஷ்போர்டின் இடது பக்கம் ஒட்டினார்கள். தங்கச்சி உட்காரும் சீட்டுக்கு நேர் எதிரே. உள்ளங்கை அகலத்துக்குத்தான் இருப்பார், தூக்கினால் நல்ல கனம். முன் சீட்டில் அம்மா, அம்மா மடியில் பொண்ணு, எதிரே பிள்ளையார். இப்படித்தான் அந்தக் குடும்பம் எங்கேயும் போகும், வரும்.

பயிற்சி அன்று காலையில் கருவிகளை எல்லாம் எடுத்து வைத்தோம். இரும்பை நறுக்கக் கட்டர், நசுங்கியதை அகட்டித் தூக்க ஸ்ப்ரெடர். முதல் வேலையாகப் பேட்டரி ஒயரைக் கழற்றினோம். காரில் கரண்ட் இருந்தால் காற்றுப்பை, அதாவது ஏர்பேக், எப்போது வேண்டுமானாலும் வெடித்து விரியும். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஒரு மணல் மூட்டையை உட்கார வைத்திருந்தோம். பழைய காக்கிச் சட்டை போட்டு, தலைக்குத் தனியாக ஒரு சின்னச் சாக்கில் மணல் கட்டி, சீட் பெல்ட்டும் மாட்டியிருந்தது. உள்ளே மாட்டிக்கொண்ட ஆள் அவர்தான்.

ஆனால் யாருமே கருவியைத் தொடவில்லை. ஆளாளுக்குக் காரைச் சுற்றி வந்து தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களில் மூத்தவரை எல்லாரும் அண்ணாச்சி என்போம். எத்தனையோ பிணங்களைத் தூக்கிய கை அவருடையது. அந்தக் கையே கட்டரைக் கீழே வைத்துவிட்டது.

"ஒரு நாளுகூட ஓடாத வண்டிய வெட்டுனா பாவம்லா. ஒரு தேங்காய ஒடச்சி, நாலடி ஓட்டிட்டு வெட்டுவோம்" என்றார்.

இது என்ன கூத்து என்று நான் கேட்டேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அலுவலர் சிரித்தாரே தவிரத் தடுக்கவில்லை. சந்தனம் வந்தது, எலுமிச்சம்பழம் வந்தது. நிலையத்துச் சாமி அலமாரியில் இருந்த பித்தளைப் பிள்ளையாரை எடுத்துவந்து டேஷ்போர்டில் ஒட்டினார்கள். பழக்கதோஷம், இங்கேயும் அதே இடது பக்கம். பழத்தின் மேல் ஏற்ற வண்டி ஓட வேண்டுமே, அதற்காகக் கழற்றிய பேட்டரி ஒயரை மறுபடி மாட்டினார்கள். வண்டி நாலடி நகர்ந்தது, பழம் நசுங்கியது, எல்லாரும் கை தட்டினார்கள். எஞ்சினை அணைத்தார்கள், சூடமும் அணைந்தது, வேலையை ஆரம்பித்தோம். ஒயரைத் திரும்பக் கழற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

கதவு வந்துவிட்டது. தூண் வரவில்லை, கட்டர் முனகிக்கொண்டே நின்றது. சரி, மாட்டிக்கொண்டவரின் காலை விடுவிப்போம் என்று அண்ணாச்சி டேஷ்போர்டுக்கு அடியில் ஸ்ப்ரெடரைக் கொடுத்து அழுத்தினார். இரும்பு மடங்கும் சத்தம் கேட்டது. அதற்கு மேல் இன்னொரு சத்தம், காதுக்குப் பக்கத்தில் வேட்டுப் போட்டது மாதிரி. ஒரே வெள்ளைப் புகை. நான் தரையில் உட்கார்ந்திருந்தேன், எப்படி உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை.

புகை விலகியபோது டேஷ்போர்டு வாய் திறந்திருந்தது. காற்றுப்பை சுருங்கித் தொங்கியது. பிள்ளையாரைக் காணோம். மூட்டைக்குத் தலை இல்லை. கிழிந்த சாக்கிலிருந்து மணல், பிரிக்காத அந்தப் பிளாஸ்டிக் உறையின் மேல் சரசரவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சிக்குக் கையில் சிராய்ப்பு. மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஒருவர் பின் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, பிள்ளையாரை எடுத்தார். சட்டையில் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"சாமிக்கு ஒண்ணும் ஆவல" என்றார்.

எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். நான் மணலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டூட்டி முடிந்ததும் நேரே வடகரைக்குப் போனேன். வாசலில் வெள்ளைக் கார் நின்றது. கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன். பிள்ளையார் முன் சீட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பொண்ணு ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள்.

மாப்பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடந்தது அத்தனையையும் சொன்னேன். பிள்ளையார் ஒட்டியிருக்கும் இடத்துக்கு நேர் கீழேதான் காற்றுப்பை இருக்கிறது, விரிந்தால் அவரைக் கல்லெறிகிற மாதிரி எறியும், அதனால் அவரை எடுத்துவிடுங்கள் என்றேன். மடியில் இருக்கிற பிள்ளையை அந்தப் பையே கொன்றுவிடும், பின் சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போடுங்கள் என்றேன். தங்கச்சி முகம் வெளிறிவிட்டது. மாப்பிள்ளை சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"என்ன மச்சான் சொல்லுதிய? பூஜை போட்டு ஒட்டுன சாமிய யாராவது பேத்து எடுப்பாவளா? அதுவும் வெள்ளிக்கெழமையும் அதுவுமா வந்து சொல்லுதிய."

பிள்ளை பின்னால் ஒத்தையில் இருக்க மாட்டாள், அழுவாள் என்றும் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூட்டையின் தலை என்ன ஆனது என்று மறுபடி சொல்ல ஆரம்பித்தேன். அவர் எச்சில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"போதும் மச்சான். ஒங்க வாயால அதச் சொல்லாதிய."

எங்கள் வீட்டில் எனக்குக் கருநாக்கு என்று ஒரு பேர் உண்டு. சின்ன வயதில் நான் வாய்தவறிச் சொன்ன ஏதோ ஒன்றிரண்டு பலித்துவிட்டதாம். தீயணைப்பு வேலைக்கு வந்த பிறகு அந்தப் பேர் இன்னும் கெட்டியாகிவிட்டது. விபத்தைப் பார்க்கிறவன் விபத்தைப் பற்றித்தானே பேசுவான்? நான் சொல்லச் சொல்ல, ஆபத்து காரில் இல்லை, என் நாக்கில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டது. தங்கச்சி உள்ளே போய்த் திருநீறு எடுத்துவந்து, என் கண் முன்னாலேயே பொண்ணு நெற்றியில் பூசினாள். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. காபியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் தென்காசியில் தேடி அலைந்து, காரில் பொருத்துகிற குழந்தை சீட் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அது வீட்டுக் கூடத்தில் கிடக்கிறது. அதில் உட்கார்ந்து பொண்ணு டிவி பார்க்கிறாள்.

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்தது. குற்றாலத்தில் எங்களுக்கு சீசன் டூட்டி. ஐந்தருவி ரோட்டில் நின்றால் எல்லா ஊர்க் கார்களும் ஊர்ந்து போகும். ஜனங்கள் மலையைப் பார்ப்பார்கள், நான் டேஷ்போர்டுகளைப் பார்ப்பேன். முருகன், மாதா, கண்ணாடிக் கட்டைக்குள் அரபியில் எழுதிய ஓதல், தலையாட்டும் நாய்க்குட்டி. பின்னால் ஒரு சீட் முழுக்கத் துண்டும் சோப்பும் புளியோதரை வாளியும் வசதியாக உட்கார்ந்திருக்கும். பிள்ளைகள் முன்னால் மடியில் இருப்பார்கள். வண்டிக்கு வண்டி இதே கதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வரிசையில் மாப்பிள்ளையின் காரும் வந்தது. அருவியில் குளித்துவிட்டு ஆரியங்காவுக்குப் போகிறார்கள். தங்கச்சி கண்ணாடியை இறக்கினாள். தலையில் ஈரத் துண்டு.

"அண்ணே, நீ சொன்ன மாதிரி எடுத்தாச்சு. இப்பம் சந்தோசமா?"

டேஷ்போர்டில் வட்டமாகப் பசைத் தடம் மட்டும்தான் இருந்தது. எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. குனிந்து உள்ளே பார்த்தேன். பொண்ணு தங்கச்சி மடியில் இருந்தாள். பிள்ளையார் பொண்ணு மடியில் இருந்தார். இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்து அணைத்திருந்தாள். பித்தளைத் தும்பிக்கை அவள் நாடியில் இடித்துக்கொண்டிருந்தது.

"சாமிய கீழ வைக்கக் கூடாதுல்லா மாமா. நான் வச்சிக்கிடுதேன்" என்றாள்.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். போலீஸ்காரர் விசில் ஊதினார். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்காமல் கியரைப் போட்டார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். பிள்ளையைப் பின்னால் உட்கார வையுங்கள் என்று கத்தினேன். அந்த இரைச்சலில் என்ன கேட்டதோ, தங்கச்சி சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள். கார் வளைவில் திரும்பி மறைந்தது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. இனிச் செங்கோட்டை, அப்புறம் புளியரை, அப்புறம் மலை. அன்று வாக்கிடாக்கி கரகரத்த ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்துவிட்டார்கள். வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று. பிள்ளை கையிலேயே சாமி இருக்கும்போது என்ன வந்துவிடும் என்று தங்கச்சி போனில் கேட்டாள். இப்போது அதுவே வழக்கமாகிவிட்டது. பிள்ளையாரைக் கையில் கொடுக்காமல் பொண்ணு காரில் ஏற மாட்டாளாம். அதைச் சொல்லும்போது தங்கச்சிக்கு அவ்வளவு பெருமை. நான் வாயைத் திறந்தால் மாப்பிள்ளை எழுந்து போய்விடுகிறார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தங்கச்சி என்னைக் கண்ணால் கெஞ்சுகிறாள், எதுவும் சொல்லிவிடாதே என்று. நானும் சொல்வதில்லை. இதை எழுதும்போதுகூட, எழுதினால் பலித்துவிடுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது.

போன வாரம் இரண்டாவது காரை வெட்டினோம். இந்தத் தடவை பூஜை கிடையாது. அலுவலரே பக்கத்தில் நின்று பேட்டரியைக் கழற்ற வைத்தார். மணல் மூட்டைக்குப் புதுத் தலை தைத்திருந்தார்கள். கூடவே ஒரு சின்ன மூட்டையும் தைத்திருந்தார்கள். காருக்குள்ளிருந்து குழந்தைகளை எடுக்கவும் பழக வேண்டுமாம். அதைத் தூக்கி உள்ளே வைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. தூக்கினேன். அவள் கனம்தான் இருந்தது. பின் கதவைத் திறந்து, பின் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டை மாட்டிவிட்டேன்.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"அங்கன எதுக்குலே வைக்க? நம்ம ஊர்ல புள்ளய எவன் பின்னால ஒக்கார வைக்கான்? முன்னால, மடியில வையி."

அவர் சொன்னது சரிதான். பெல்ட்டைக் கழற்றி, சின்ன மூட்டையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து, பெரிய மூட்டையின் மடியில் வைத்தேன்.