மூன்றாம் ஓலை

டப டபவென்று ஜன்னல் ஷட்டர்கள் விழும் சத்தம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. அறுபதுகளின் கடைசியில், குரோம்பேட்டையை விட்டு எலெக்ட்ரிக் ட்ரெயின் கிளம்பியதுமே எங்கள் பெட்டியில் இருப்பவர்கள் எழுந்து ஷட்டரை இறக்கிவிடுவார்கள். அடுத்த ஸ்டேஷன் சானடோரியம், அங்கே காசநோய் ஆஸ்பத்திரி, காற்று உள்ளே வந்தால் "சீக்கு" ஒட்டிக்கொள்ளும் என்று அத்தனை பேருக்கும் நிச்சயம். "மூக்கப் பொத்திக்கினு உக்காரு பாப்பா, மூச்சு வுடாத" என்பாள் கடலை விற்கிறவள். பல்லாவரத்தில் பள்ளி விட்டுத் தாம்பரம் திரும்பும் நாங்கள் நாலைந்து பெண்கள், யார் அதிக நேரம் மூச்சைப் பிடிப்பது என்று பந்தயம் கட்டுவோம். சிரிப்பாகவும் இருக்கும், உள்ளூர பயமாகவும் இருக்கும்.

அப்படி மூச்சைப் பிடித்திருந்த ஒரு மாலையில்தான் சாமுவேல் அண்ணா, கையில் டிபன் கேரியரோடு அங்கே இறங்குவதைப் பார்த்தேன். என் அக்கா கிரேஸுக்கு நிச்சயமான மாப்பிள்ளை அவர். எழும்பூரில் ஒரே ஆபீஸில் வேலை பார்த்து, ஒருவரை ஒருவர் விரும்பி, பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா ஒரு வருஷம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டுச் சம்மதித்த கல்யாணம். அவர் வீடு பல்லாவரத்தில். சானடோரியத்தில் அவருக்கு என்ன வேலை? அடுத்த வாரமும் பார்த்தேன், அதற்கடுத்த வாரமும் பார்த்தேன். ஒருமுறை அவரும் என்னைப் பார்த்துவிட்டார். எப்போதும் "என்ன சின்ன மேடம்" என்று கிண்டல் செய்கிறவர், அன்று தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனார்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை "ஓலை" வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று பாதிரியார் படித்துவிட்டு ஒரு நொடி நிறுத்துவார். முதல் ஓலையின்போது அக்காவுக்குக் கழுத்துவரை வெட்கம். இரண்டாம் ஓலையின்போது அந்த ஒரு நொடி என் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது பாவம் என்று ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதற்கு மேல் எனக்கு வாய் வேறு நீளம். வீட்டுக்கு வந்ததும், கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் பார்த்ததைச் சொல்லிவிட்டேன். அம்மி நின்றுபோனது. அன்று வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

அப்பா விசாரித்தார். சாமுவேல் அண்ணாவின் கூடப்பிறந்த அண்ணன் ஆறு மாதமாக அங்கே படுக்கையில் இருந்தார். "சீக்குள்ள குடும்பம். அதையும் மறைச்சுட்டான் பாரு" என்று அக்காவை எதிரே வைத்துக்கொண்டே சொன்னார் அப்பா. இரண்டு நாள் கழித்துச் சாமுவேல் அண்ணா வந்தார். உட்காரச் சொல்ல ஆளில்லை. வாசலில் நின்றபடியே, கதவுக்குப் பின்னால் நின்ற அக்காவை எதற்கோ காத்திருப்பவர்போலப் பார்த்தார், பிறகு போய்விட்டார். மூன்றாம் ஞாயிறு பாதிரியார் வேறு யாருடைய ஓலையையோ படித்தார். அக்கா பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, பாடாமல் உட்கார்ந்திருந்தாள்.

அந்த அண்ணன் குணமாகி வீடு திரும்பினார் என்று பின்னால் கேள்விப்பட்டோம். சாமுவேல் அண்ணா மாற்றல் வாங்கிக்கொண்டு வடக்கே போனார். அக்கா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அவளை இப்படி ஆக்கியவள் நான் என்ற நினைப்போடுதான் நான் கல்யாணம் செய்துகொண்டேன், பிள்ளை பெற்றேன், கிழவியும் ஆனேன்.

போன மாதம் எழும்பூரில் அக்காவின் கண்ணைக் காட்டிவிட்டு ட்ரெயினில் திரும்பிக்கொண்டிருந்தோம். பல்லாவரம் தாண்டியதும் எனக்குத் தாங்கவில்லை.

"நான்தான்க்கா அம்மாகிட்ட சொல்லித் தொலைச்சேன்."

"தெரியும். நீ பாத்ததச் சொன்ன, சின்னப் புள்ள" என்றாள் அக்கா, வெளியே பார்த்தபடி. "அவர் நிச்சயத்துக்கு முன்னாடியே என்கிட்ட எல்லாம் சொல்லிட்டார்டி. கல்யாணம் முடியட்டும், அப்புறம் அப்பாகிட்ட சொல்லிக்கலாம்னு தடுத்ததே நான்தான்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் திரும்பாமலே சொன்னாள்.

"மறைச்சுட்டான்னு அப்பா சொன்னாரே, அப்பவும் நான் வாயத் திறக்கல. அவர் வந்து நின்னாரே, அப்பவும் திறக்கல."

சானடோரியம் வந்தது. ஷட்டர்கள் எல்லாம் திறந்தே கிடந்தன. கடலை விற்கிறவள் இல்லை, பந்தயம் கட்டும் பெண்கள் இல்லை. அந்தப் பயம் எப்போது போயிற்று என்றுகூட யாருக்கும் தெரியாது, ஆளாளுக்குப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் அக்கா மட்டும், ட்ரெயின் கிளம்பும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.